ஊர்வல வண்டி

இல்லண்ணே, ஊருக்குள்ள அந்தச் சத்தம் வராது. காளவாசல், பைபாஸுன்னு சிக்னலுக்குச் சிக்னல் நின்னு போறப்ப வண்டி பொட்டிப் பாம்பு மாதிரிதான் இருக்கும். பரவை தாண்டட்டும். சமயநல்லூர்ல திரும்பி ரோடு காலியானதும் கொஞ்சம் மிதிப்பேன், அப்ப ஆரம்பிக்கும் பாருங்க. பின்னாடி எங்கிட்டோ இருந்து வருது. எந்தப் பக்கம்னுதான் எனக்குப் புடிபடல. அதுக்குத்தானே உங்களை வரச் சொன்னேன்.

பெல்ட்டைப் போட்டுக்கங்கண்ணே. லேசுல மாட்டாது, நல்லா ஒரு அமுக்கு அமுக்கணும். ஆங், அம்புட்டுதான். பயப்படாதீங்க, நான் நல்லாத்தான் ஓட்டுவேன். எங்க வீட்டுக்காரரு இருக்கப்பவே கத்துக்கிட்டது. இந்தத் தோள்பட்டைதான் முன்ன மாதிரி ஒத்துழைக்க மாட்டேங்குது, கம்பி வச்சிருக்காங்கள்ல. ஸ்டியரிங் பிடிக்கறதுக்குப் பிரச்சனை இல்ல.

நீங்க பேச வேணாம். சுருளி மெக்கானிக் வண்டியில ஏறி உக்காந்து சத்தம் கேக்குறப்ப எமனே வந்து பக்கத்துல நின்னாலும் வாயைத் தொறக்க மாட்டாருன்னு மதுரைக்கே தெரியும். கிளமெண்ட் உங்களை மாதிரியே நடிச்சுக் காட்டுவாருண்ணே. கண்ணை மூடிக்கிட்டு, தலையை ஒரு பக்கமாச் சாச்சுக்கிட்டு, விரலை மட்டும் தூக்கி, ம், கியரைப் போடு, ம், காலை எடு, ம், பேரிங் போச்சுன்னு. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். கேலியில்லண்ணே, அம்புட்டு மரியாதை உங்க மேல. ஸ்கேன் மிஷின் சொல்லாததையெல்லாம் அந்த மனுசன் காது சொல்லிரும் டயானான்னு சொல்லுவாரு. நீங்க பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு வாங்க. நான் பேசிக்கிட்டே வாரேன். பேசாம இந்த ரோட்டுல என்னால ஓட்ட முடியாதுண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க.

என்னண்ணே? ஆமா, செகப்பு மாத்தலை. அதே செகப்புதான் அடிக்கச் சொன்னேன். வேற கலர் அடிச்சா எம் மனசுக்கு வேற வண்டியாப் போயிரும்.

இவரு இதை வாங்கிட்டு வந்தன்னிக்கு வீட்டுல என்ன சண்டை தெரியுமா? ஒரு கல்யாணப் போட்டோகிராபருக்கு எதுக்குய்யா ரேஸு கார், அதுவும் ரெண்டே சீட்டு, கோயம்புத்தூர் டாக்டர் ஒருத்தர் ஓட்டி ஓஞ்ச வண்டின்னு நான் கத்துறேன். அத்தை அதுக்கு மேல கத்துறாங்க. ஆரோக்கியம்மா கத்துனா பசுமலை பூராவும் கேக்கும், உங்களுக்குத் தெரியாதா. காது மந்தமாயிட்டா அவங்களுக்குத் தன் கொரலோட அளவு தெரியறதில்ல. இவரு சிரிச்சுக்கிட்டே நிக்கிறாரு. இது ஓட்டுறதுக்கு இல்லம்மா, நிறுத்தி வச்சுப் போட்டோ எடுக்கறதுக்குன்னாரு. சொன்ன மாதிரியே அந்த வருசமே பிச்சுக்கிட்டுப் போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கற போட்டோவுக்குப் பொண்ணு மாப்பிள்ளையெல்லாம் இந்த வண்டி வேணும், இந்த வண்டி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. மாப்பிள்ளை அழைப்புக்கும் இதுதான். முன்னாடி பேண்டு செட்டு, பின்னாடி லைட்டுக்காரங்க, நடுவுல பூ சுத்திக்கிட்டு இது நடக்கும். நெசமாவே நடக்கும்ணே, ஓடாது. கிளட்சை மிதிச்சு மிதிச்சே இவரு கால் வீங்கிரும்.

அப்படி ஒரு ஊர்வலத்துலதான் மாப்பிள்ளையோட கூட்டாளிங்க நாலஞ்சு பேரு பின்னாடி ஏறி நின்னு ஆட்டம் போட்டானுங்க. மேட்டுல ஏத்தறப்ப டமார்னு ஒரு சத்தம். உங்க ஷெட்டுக்குத் தள்ளிக்கிட்டு வந்தோம்ல, நெனப்பிருக்கா? பின் சக்கரத்தைச் சுத்த வைக்கிற ஆக்சில், இடதும் வலதும் ரெண்டுமே போச்சுன்னீங்க. கம்பெனி ஆக்சில் வெளிநாட்டுல இருந்து வரணும், நாளாகும், நான் எப்படியாச்சும் வரவழைக்கிறேன் தம்பின்னு சொன்னீங்க. முகூர்த்த மாசம் வேற, இவருக்கு இருப்புக் கொள்ளல. ஆனாலும் காத்திருந்தாரு. கம்பெனிச் சாமானே போடுங்கண்ணேன்னு என் கண்ணு முன்னாடிதான் சொன்னாரு. நீங்க வண்டியைக் குடுத்தப்ப, போட்டாச்சு தம்பி, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுன்னு முதுகுல தட்டிக் குடுத்தீங்க.

இந்தா பரவை வந்துருச்சு. இந்த லாரியைத் தாண்டிக்கிறேன்.

கோவிச்சுக்காதீங்கண்ணே, வண்டியை மறுபடி கட்டுறதுக்கு உங்ககிட்ட விடாம ஒத்தக்கடையில வேற மெக்கானிக்குகிட்டக் கொண்டு போயிட்டேன்னு. ஏறுறப்பவே உங்க மூஞ்சியைப் பாத்தேன். அப்ப எனக்குப் புத்தி ஒரு நெலையில இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் இதை எடுத்துட்டுப் போகணும், முழுசாக் கட்டணும்னு மட்டும்தான் இருந்துச்சு. எதுக்குன்னு கேட்டா யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன். எங்க அண்ணன் எனக்குப் பைத்தியம்னு முடிவே பண்ணிட்டாரு. புருசனைக் கொன்ன வண்டிய இரும்புக்குப் போடாம கட்டுறா பாருன்னு.

சமயநல்லூர். திரும்பிட்டோம். இனிமே உங்க காதைத் தீட்டிக்கங்க.

அன்னிக்கும் காலையில இதே நேரந்தான். சோழவந்தான்ல ஒரு ஜோடிக்கு வெத்திலைக் கொடிக்கால்ல வச்சுப் போட்டோ எடுக்கணும். வெத்திலைக்குள்ள வெயில் எறங்குறதுக்கு முன்னாடி போயிரணும்னு கெளம்பினோம். நான் பக்கத்து சீட்டுல, மடியில கேமரா பையி. அறுபதுண்ணே. நான் ஸ்பீடு முள்ளைப் பாத்தேன். அறுபதுக்கு மேல ஒரு கோடு ஏறல. ஏன் பாத்தேன்னா, பின்னாடி ஏதோ கொட்டுற மாதிரி ஒரு சத்தம். என்னங்க அதுன்னு கேட்டேன். சுருளி அண்ணன்கிட்ட போறப்ப சொல்லுவோம்னாரு. அதுதான் அவரு கடைசியாப் பேசுனது. உங்க பேரு.

அப்புறம் பின்னாடி யாரோ வண்டியைப் புடிச்சு வெட்டுனாப்ல ஒரு இழுப்பு. ரோடு சுத்துது. வாய்க்கா பாலத்துக் கட்டை இவரு பக்கம் வந்து அடிச்சுச்சு. எனக்குத் தோள்பட்டையும் ரெண்டு விலாவும். அவருக்கு ஒண்ணுமே மிஞ்சல.

ம்? ஆமா, இந்த ரோடுதான். இன்னுங் கொஞ்சம் தள்ளி. வேற ரோட்டுல அந்தச் சத்தம் வர மாட்டேங்குதுண்ணே, நான் என்ன செய்ய.

நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன், அடக்கத்துக்குக்கூட என்னைத் தூக்கிட்டுப் போகல. அங்க என்ன நடந்துச்சுன்னு மத்தவங்க சொல்லித்தான் தெரியும். நீங்க வந்திருக்கீங்க, மாலை போட்டிருக்கீங்க, அழுதும் இருக்கீங்க. வண்டியில ஒரு கோளாறும் இல்லம்மா, நான் போட்ட சாமான் நூறு நூத்தியிருபதுக்குக்கூட அசையாது, தம்பி ரொம்ப வெரசாப் போயிருக்கு, பக்கத்துல பொண்டாட்டி இருந்தா வயசுப் பயலுக்குக் காலு சும்மா இருக்குமான்னு அத்தைகிட்டச் சொல்லியிருக்கீங்க. அவங்களுக்குக் கேக்கணும்னு சத்தமாவே சொல்லியிருக்கீங்க. மொத்த சனமும் கேட்டிருக்கு. ஸ்டேசன்லயும் அதையே எழுதிக்கிட்டாங்க.

நீங்க மறந்திருப்பீங்க. சாவு வீட்டுல நாலு வார்த்தை சொல்றதுதான். எங்க வீட்டுல அது இன்னும் உக்காந்திருக்குண்ணே. அத்தை என்னைத் திட்டுறதில்ல. திட்டுனாத் தேவலை. சோத்தைப் போட்டு வச்சா சாப்புடுறாங்க, மாத்திரை குடுத்தா வாங்கிக்கிறாங்க, மூஞ்சியைப் பாக்க மாட்டாங்க. செபமாலையை உருட்டிக்கிட்டே இருக்கறவங்க திடுதிப்புனு நிறுத்தி, நீதான அவனை வெரசாப் போகச் சொன்னன்னு கேப்பாங்க. இல்ல அத்தை, அறுபதுதான் அத்தைன்னு நான் காதுக்குள்ள கத்துவேன். திரும்பிக்குவாங்க. மெக்கானிக்குக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னு ஒரு தடவை கேட்டாங்க. நான் அன்னிக்குப் பாத்ரூமுக்குள்ள போயித் தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன். பெத்தவளுக்கு என்னைப் பாத்தா மகனைக் கொன்னவளாத் தெரியுது. அதோடதான் ஒரு வீட்டுக்குள்ள இருக்கேன், அவங்களுக்கு என்னை விட்டா ஆளு இல்ல, எனக்கு அவங்களை விட்டா ஆளு இல்ல.

கேக்குதா? இந்தா, இப்ப. ஐம்பது தாண்டிருச்சு. டொக், டொக்குன்னு.

வீல் பேரிங்கா? இல்லண்ணே. பேரிங் நாலும் புதுசு. பீர் முகமது பாயி போட்டாரு, ஒத்தக்கடையில. பில்லு வேணாலும் காட்டுறேன். இன்னும் நல்லாக் கேளுங்க. கண்ணை மூடிக்கங்க.

இடது பக்கமா. அப்படித்தான் எனக்கும் தோணுச்சு. நீங்க சொன்னாத்தானே உறுதி.

பாயி வண்டியைத் தூக்கிப் போட்டதும் என்னைக் கூப்புட்டுக் கேட்ட முதக் கேள்வியே, வலது பக்க ஆக்சில் எங்கம்மான்னுதான். தெரியலயே பாய், பாலத்துல இருந்து சுருளி அண்ணன்தான் கட்டி இழுத்து அவரு ஷெட்டுக்குக் கொண்டு வந்தாரு, நான் போய் எடுக்கற வரைக்கும் அங்கதான் நின்னுச்சுன்னேன். பாயி இடது பக்கத்ததைக் கழட்டுனாரு. பெட்ரோல் போட்டுத் தொடச்சாரு. கருப்புப் பெயிண்டு போச்சு. அதுக்குக் கீழ பாத்தா ரெண்டு முனைதான் இந்த வண்டியோடது. நடுவுல ஏதோ டாக்சி ஆக்சிலை வெட்டி, ரெண்டு எடத்துல வெல்டு வச்சு, ஒட்டுப் போட்டதே தெரியாம கிரைண்டர்ல தேச்சிருக்கு. பாயி அதை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, வேலை தெரிஞ்ச கைதான்மான்னாரு. இதே மாதிரி ஒண்ணு வலது பக்கம் இருந்து, அறுந்து சுத்திக்கிட்டே பிரேக்கையும் சேத்துப் புடுங்கியிருந்தா வீல் அப்படியே பூட்டிக்கும்மா, ஆண்டவனே ஓட்டுனாலும் வண்டி கட்டுக்குள்ள நிக்காதுன்னாரு.

வேர்க்குதாண்ணே? ஏசி இருக்கு, கூட்டி வைக்கவா?

நான் ராத்திரி பகலா யோசிச்சேன், நீங்க ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு. கெட்ட மனுசன் இல்ல நீங்க. எனக்குப் புரியுது. ஊர்வலம் போற வண்டிதானே, மேளத்துக்குப் பின்னாடி நடக்கப் போகுது, இதுக்கு எதுக்குக் கப்பல்ல இருந்து சாமான், ஒட்டுப் போட்டதே ஆயுசுக்கும் தாங்கும்னு நெனச்சிருப்பீங்க. தாங்குச்சு. ஊர்வலத்துக்கெல்லாம் நல்லாத்தான் தாங்குச்சு. அதை அவருகிட்டச் சொல்லியிருந்தா அவரும் சரிண்ணே, நடத்தி மட்டும் ஓட்டிக்கிறேன்னு போயிருப்பாரு. தூரமாப் போறதுக்கு வேற வண்டி எடுத்திருப்பாரு. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுன்னு சொன்னீங்களேண்ணே.

கைப்பிடியப் புடிச்சுக்கிட்டீங்க. இன்னும் அறுபது வரலயே. ஐம்பத்தஞ்சுதான்.

ஸ்டேசனுக்குப் போலாம்னு பாயி சொன்னாரு. போயி? ஒட்டுப் போட்டது யாருன்னு எவன் கண்டான்னு கேப்பாங்க. நீங்களும் நான் இல்லம்பீங்க. அந்த ஆக்சிலை எடுத்துட்டுப் போயி அத்தைகிட்டக் காட்டுனேன், பாத்தாங்க, இரும்பைக் கொண்டாந்து காட்டுறான்னு தள்ளி விட்டுட்டாங்க. அவங்களுக்கு இரும்பு பேசாதுண்ணே. நீங்க பேசுனாத்தான் கேக்கும்.

அதனால பாயிகிட்ட வலது பக்கத்துக்கு மட்டும் கம்பெனி ஆக்சில் வரவழைச்சுப் போடச் சொன்னேன். இடது பக்கத்துக்குக் கழட்டுனதையே திரும்ப மாட்டச் சொன்னேன். முடியாதுன்னாரு, கையெடுத்துக் கும்புட்டாரு. ஊர்வலத்துக்கு மட்டுந்தான் பாய், நடத்தித்தான் ஓட்டுவேன்னு சத்தியம் பண்ணினேன். பாவம், நம்பிட்டாரு. இப்ப உங்க சீட்டுக்குப் பின்னாடி சுத்துறது உங்க கை வேலைதாண்ணே. பாலம் அந்தா தெரியுது பாருங்க, தென்னந்தோப்புக்குப் பக்கத்துல.

நிறுத்தவா? நிறுத்துறேண்ணே. எனக்கு மட்டும் சாகணும்னு வேண்டுதலா? கத்தாதீங்க, ஸ்டியரிங்கைத் தொடாதீங்க, அது இன்னும் ஆபத்து. நூத்தியிருபதுக்குத் தாங்குற சாமானுக்கு எதுக்கு வண்டியை நிறுத்தணும்னு மட்டும் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்ல வேணாம், எனக்குத் தெரியும். இருங்க, அத்தைக்குப் போன் அடிச்சு ஸ்பீக்கர்ல போடுறேன். அடிக்குது. எடுத்துட்டாங்க.

அத்தை, சுருளி அண்ணன் பக்கத்துல இருக்காரு, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

சொல்லுங்கண்ணே. சத்தமாச் சொல்லுங்க.