நடுவில் ஒரு சேவல்

— ஐயோ! அத்த, எதுவோ எங் காதக் கொத்திடுச்சி!

— ஏ செவல, சொம்மா இரு! மாப்ள காதக் கொத்தறதுக்கா உன்னக் கூடையில வெச்சித் தூக்கினு வர்றேன்? வேடியப்பசாமிக்கு நேந்துவுட்ட சேவலு நீ. ரத்தம் வருதான்னு மாப்ளயப் பாக்கச் சொல்லு.

— ரத்தம் வரல. அத்த, உங்க பக்கத்துலதான நடக்கறேன்? எங்கிட்டயே கேக்கக் கூடாதா?

— செவல, மாப்ளைக்கு மறந்துடுச்சி போல. சொல்லு. கீழ பாரஸ்ட்டுக்காரங்க பலகை நட்டிருக்காங்களே, அங்க ஒரு எல்லைக்கல்லு இருக்குது. அதத் தாண்டிட்டா இது சாமி மலை. செருப்பு ஆவாது. மாமியாரு மாப்ளகிட்ட நேரா பேசறதும் ஆவாது. நடுவுல ஒரு உசுரு வேணும். அவரு எங்கிட்ட பேசலாம், நாந்தான் அவருகிட்ட பேசக் கூடாது.

— சரி, ரைட். உங்க மலை, உங்க வழக்கம். நான் கணியம்பாடிக்காரன், எனக்கு இன்னா தெரியும்? கன்னியம்மா மேலதான இருக்கா? அதயாவது சேவலண்ட சொல்லுங்க.

— செவல, எம் பொண்ணு விடியறதுக்கு முன்னாலயே ஏறிட்டா. சுனைகிட்ட பொங்க வெச்சினு இருப்பா. மாப்ளகூட கீழ போறதா, எங்க வூட்லயே இருந்துடறதான்னு இன்னிக்கி சாமி முன்னால சொல்லிடறேன்னு கீறா. சாமி முன்னால சொன்னா சொன்னதுதான். ஊரே தெரண்டு வந்தாலும் மாத்த முடியாது.

— அதான் அத்த கேக்கறேன். நான் இன்னா தப்பு பண்ணேன்? குடிக்கறனா, அடிக்கறனா? பஸ்ல கடைசி டிரிப்பு முடிஞ்சா டபுள் விசிலு, நேரா வூடு. வேற எங்கயாச்சும் நிக்கறனா?

— செவல, பாறை வழுக்குது. எடது பக்கம் வேரப் புடிச்சினு ஏறச் சொல்லு.

— சேவலு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் உருண்டுடுவேன் அத்த!

— நீங்க வுழுந்தா தூக்க மாட்டனா? அதுக்குள்ள இன்னா… அய்ய! செவல, உன்னத்தான் சொன்னேன். நீ வுழுந்தா தூக்க மாட்டனான்னு.

— சேவலு கூடையில கீது. அது எப்டி வுழும்?

— கேக்கறாரு பாரு கேள்வி. வாய மூடினு ஏறச் சொல்லு.

— யாரு, மாணிக்கம்மாளா? இன்னாக்கா, சேவலுகிட்ட பேசினு மலையேர்ற?

— அர்ச்சுனா, நீ சாமி கும்ட்டாச்சில்ல? பேசாம எறங்கிப் போ.

— அட, கூட வர்றது கண்டக்டரு பழனி மாப்ளையா? மாமியாருக்கும் மாப்ளைக்கும் சண்டையா? நேரா பேசாம எதுக்குக்கா கோழிய…

— எறங்குடா! கரடி வர்ற நேரம்!

— பட்டப்பகல்லயா? சரி சரி, மொறைக்காத. போறேன்.

— அத்த, அவரு ஏன் சிரிச்சினு போறாரு?

— செவல, அர்ச்சுனனுக்குப் பல்லு நீளம், வாய் மூடாதுன்னு சொல்லு.

— மூச்சு வாங்குது அத்த. இந்த நெல்லி மரத்தடியில ஒக்காரலாம். வெளிப்படையா கேக்கறேன், அவ ஏன் உங்க வூட்டுக்கு வந்துட்டா? அன்னிக்கி கொழம்புல உப்பு ஜாஸ்தின்னேன். அதுக்கா?

— செவல, யாருகிட்ட சொன்னாராம்?

— எங்கம்மாகிட்ட. ‘அம்மா, கொழம்புல உப்பு ஜாஸ்தி, அவகிட்ட சொல்லு’ன்னேன்.

— அப்ப எம் பொண்ணு எங்க இருந்தாளாம்?

— அங்கதான். எம் பக்கத்துலயே, கரண்டியோட நின்னுனு இருந்தா.

— கேட்டியா செவல! பஸ்ல எப்டி இருந்தாருன்னும் கேளு. எம் பொண்ணு புளி மூட்டையோட ஏறினா, மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிக்கறேன்னு வந்து, வேலூரு போற வரைக்கும் அவகிட்டயே பேசினு வருவாராமே? அந்தப் பேச்சுல வுழுந்துதான அவ கட்டிகினா? தாலி கட்டுனதும் அந்தப் பேச்சு எந்த ஸ்டாப்புல எறங்கிப் போச்சாம்?

— அத்த… எங்க வூட்ல அப்டித்தான். எங்கப்பா எங்கம்மாவப் பேரு சொல்லிக் கூப்ட்டு நான் கேட்டதே இல்ல. அம்மா எதிர்ல பொண்டாட்டிகிட்ட பேசினா, ‘பாரு, கொஞ்சறான்’னு சொல்லுவாங்க. வெக்கமா இருக்கும். அம்மாவ வெச்சி சொல்லிட்டா, சொன்ன மாதிரியும் ஆச்சி, மரியாதையாவும்… ஐயோ, கூடை சாயுது! புடிங்க!

— செவல! டேய் செவல! போச்சி, பொதருக்குள்ள பூந்துட்டான்!

— நீங்க நில்லுங்க, நான் போறேன்! வா வா வா… ஆ, முள்ளு! வா ராசா, டிக்கெட் எடுக்காம எங்க ஓடற? ஆ! அம்மா!… புடிச்சிட்டேன் அத்த! வேட்டி கிழிஞ்சிடுச்சி, பரவால்ல. இவன வுட்டா மேல போற வரைக்கும் எங்கிட்ட யாரு பேசுவாங்க? இந்தாங்க. சேவலுதான் வந்துடுச்சே, பேசுங்களேன்.

— செவல… மாப்ள கையெல்லாம் ரத்தம். முந்தானையக் கிழிச்சிக் கட்டறேன், ஆட்டாம வெச்சிக்கச் சொல்லு.

— அத்த, எங் கையப் புடிச்சினு, கோழி மூஞ்சியப் பாத்துப் பேசறீங்க. எனக்கு எப்டி இருக்குது தெரியுமா? நான் இங்க இல்லாத மாதிரி இருக்குது. ஆளு எதிர்ல நிக்கறேன், எனக்கு சொல்ல வேண்டியத வேற எதுகிட்டயோ சொல்றாங்க. காலையிலர்ந்து இதான். அதுக்கே ஒடம்பு கூசுது, அழுவ வருது. ஒரு நாளுக்கே இப்டின்னா…

— செவல, ஏன் பாதியில நிறுத்திட்டாருன்னு கேளு.

— கேக்க வேணாம் அத்த. கண்ணாலம் ஆன நாள்லர்ந்து அவ இப்டித்தான இருந்தா, எங்க வூட்ல?

— செவல, முடிச்சிப் போட்டாச்சி. கைய எடுத்துக்கச் சொல்லு.

— அப்டித்தான் இருந்தா அத்த. எழுந்திரிங்க, ஏறலாம். கூடய எங்கிட்ட குடுங்க.

— செவல, கை காயத்தோட மாப்ள ஓடறாரு பாரு. மெதுவா போவச் சொல்லு. எனக்கு முட்டி வலிக்குது!

— கன்னியம்மா! கன்னியம்மா!

— இன்னாங்க இது, மலையே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தறீங்க? வேட்டி ஏன் கிழிஞ்சிருக்கு? அம்மா, இவரு கையில இன்னா ரத்தம்?

— அம்மாவக் கேக்காத கன்னியம்மா, என்னக் கேளு. நாந்தான உன் எதிர்ல நிக்கறேன்? முள்ளு கிழிச்சிடுச்சி. வலிக்குது. பசிக்குது. பொங்க வாசன நல்லா இருக்குது. உப்பு ஜாஸ்தியா இருந்தா உங்கிட்டயே சொல்றேன், கம்மியா இருந்தாலும் உங்கிட்டயே சொல்றேன்.

— உங்கம்மா எதிர்லயா?

— எங்கம்மா எதிர்லதான். கொஞ்சறான்னு சொன்னா சொல்லட்டும். கொஞ்சத்தான செய்றேன்? கீழ வா கன்னியம்மா. நீ இல்லாம வூட்ல எங்கிட்ட நேரா பேச ஒரு ஆளு இல்ல.

— சாமி முன்னால சொல்றீங்க. சொன்னா சொன்னதுதான்.

— சொன்னதுதான். டபுள் விசிலு.

— அப்ப நானும் சொல்லிடறேன். வேடியப்பா, கேட்டுக்க. நான் இவருகூட கீழ போறேன்.

— எஞ் சாமி, வயித்துல பால வார்த்த! சேவல உனக்குக் குடுக்கறேன்னு வேண்டிகினேன். இதுகிட்ட இவ்ளோ பேசினப்பறம் கழுத்துல கத்தி வெக்க மனசு வருமா? பொங்கலோட திருப்தியாயிக்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்.

— அத்த, இப்பகூட என்னப் பாக்காம சாமிகிட்ட பேசறீங்களே! எல்லைக்கல்லு தாண்டினதும் மொதப் பேச்சு எங்கிட்டதான் பேசணும், ஆமா. எத்தினியோ மலை ஏறியிருக்கேன் கன்னியம்மா, மாமியாரு வாயக் கட்டற வழக்கத்த எங்கயும் பாக்கல. உங்க ஊர்ல இத யாரு வெச்சது? ராஜா காலத்துதா?

— இல்லீங்க. நேத்து சாயங்காலம் கேவுரு அரைக்கறப்ப நான் வெச்சது.