லேமினேஷன் போட்ட அனுமதிக் கடிதம்

அவையின் நடுவே அழகுற வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! நான் வாய் திறக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட செயலாளர் அவர்களே! கண்டித்தும் கனிந்தும் எங்களைக் கரையேற்றிய ஆசான்களே! அடுத்த வாரம் முதல் யாருக்குச் சமைப்பது என்று இன்றே கலங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தக் கலக்கத்தைக் காட்டிக்கொள்ளாமல் மீசையைத் தடவிக்கொண்டிருக்கும் தந்தையரே! கடல் கடந்து கல்லூரி காணப் போகும் பதினெட்டுக் கண்மணிகளே! கைகூப்பி, தலை தாழ்த்தி, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அதில் வரலாறு இருந்தது, தத்துவம் இருந்தது, நடுவில் ஒரு நகைச்சுவைகூட இருந்தது. அத்தனையையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். செயலாளர் சிரிக்கிறார். ஐயா, அதனால் பேச்சு சுருங்கும் என்று மனப்பால் குடிக்காதீர்கள்!

ஏன் வைத்தேன்? சற்று முன் தலைவர் ஓர் அறிவிப்புச் செய்தார். பஸ் டிப்போவில் முப்பத்தைந்து ஆண்டு மெக்கானிக்காக உழைத்து ஓய்வு பெற்ற என் அப்பா, புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார். நாளைக் காலை பத்து மணிக்கு இந்தப் பதினெட்டுப் பிள்ளைகளின் தாள்களையும் இலவசமாக லேமினேஷன் போட்டுத் தருகிறார் என்று. நீங்கள் கைதட்டினீர்கள். நான் பத்துப் பக்கத்தையும் மடித்தேன்.

கண்மணிகளே, நாளை ஒரு தாள்கூட அந்த மெஷினுக்குள் போகக் கூடாது. ஏன் என்பதை இருபத்து நான்கு ஆண்டுகளாக என் அப்பாவிடம் நான் சொன்னதில்லை. இதோ, முதல் வரிசையில்தான் இருக்கிறார். இன்று நான் சொல்லாவிட்டால் உங்களில் யாரோ ஒருவர் எல்லையில் மாட்டிக்கொள்வீர்கள். சொன்னால், சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்த்தாக வேண்டும். அப்பா, கொஞ்சம் பொறுத்துக்குங்க.

அன்று எனக்குப் பதினெட்டு வயது. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அப்பாவின் கட்டைவிரல் பட்டு ஒரு கிரீஸ் கறை விழுந்துவிட்டது. சோப்புப் போட்டும் போகாத கறை அது, அவர் கையிலும் சரி, காகிதத்திலும் சரி. அதைப் பார்த்து ஓர் அலுவலக எழுத்தர், "படிக்கிற பிள்ளையோட பேப்பரை இப்படியாய்யா வெச்சிருப்பே?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். அன்று முதல் என் தாள் எதையும் அப்பா விரலால் தொட்டதில்லை. வாங்கினால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் வாங்குவார்.

அப்படிப்பட்ட மனிதர், அயல்நாட்டுக் கல்லூரியிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தால் என்ன செய்வார்? ஓடினார் கடைத்தெருவுக்கு! அனுமதிக் கடிதத்துக்கு லேமினேஷன். மதிப்பெண் பட்டியலுக்கு லேமினேஷன். தடுப்பூசி அட்டைக்கு லேமினேஷன். அம்மா சொன்னார்: "இவளையும் அப்படியே உள்ள விட்டு எடுத்துடுங்க, அழுக்குப் படாம போய்ச் சேருவா." சிரிக்கிறீர்கள், அன்று நாங்களும் அப்படித்தான் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. மூன்று பேர், ஒரு விளக்கு, தரை முழுக்கப் பளபளக்கும் தாள்கள், நடுவில் மூடாத பெட்டி. அந்த அறையைப் போல் ஓர் அறையில் அதற்குப் பிறகு நான் இருந்ததே இல்லை.

வானூர்தி இறங்கியது. வரிசை நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அம்மையார், கறாரான முகம், கையில் முத்திரை. அனுமதிக் கடிதத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு. எல்லையில் அதிகாரி அந்தக் கட்டத்தில் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டால்தான் நாம் மாணவர். குத்தினார். மை வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடி குத்தினார். மறுபடியும் வழுக்கியது. பேனாவை எடுத்தார். பேனா எழுதவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதை யார் செய்தது?" என்றார் அவர் மொழியில்.

கடைக்காரன் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "எங்க அப்பா" என்றேன்.

அசல் தாளை மாற்றியமைத்தால் அது செல்லாதாம். பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். ஒரு மேசை, நான்கு நாற்காலி, நான் மட்டும். வந்த வானூர்தியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ? டிப்போவில் அத்தனை பேருக்கும் மிட்டாய் கொடுத்த அப்பா எந்த முகத்தோடு என்னை அழைத்துப் போக வருவார்? ஐயோ, அந்த இரண்டு மணி நேரம் எதிரிக்கும் வேண்டாம்!

பிறகு அந்த அம்மையார் வந்து கோப்பு முழுவதையும் மேசையில் பரப்பினார். எல்லாமே பிளாஸ்டிக். கடைசியில் அப்பா கைப்பட எழுதிய ஒரு பட்டியல், அதற்கும் லேமினேஷன்! என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்த்தேன்: "ஒன்று, இறங்கியதும் சாப்பிடு. இரண்டு, போன் பண்ணு. மூன்று, மறுபடியும் சாப்பிடு."

அந்தக் கறாரான முகம் சிரித்தது ஐயா! ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். தாமே கல்லூரிக்குப் பேசி, புதிய கடிதம் ஒன்றை ஃபேக்ஸில் வரவழைத்து, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். கடந்தேன் எல்லையை!

அத்தோடு முடிந்ததா? வெளியே வந்து போன் பண்ணினேன். அப்பாவின் முதல் கேள்வி: "பேப்பரெல்லாம் பத்திரமா இருந்துச்சாம்மா?"

என்ன சொல்வது? "நீங்க லேமினேஷன் போட்டதைப் பார்த்துட்டு உடனே விட்டுட்டாங்கப்பா" என்றேன். அந்தப் பக்கம் அவர் டிப்போவுக்கே கேட்கும்படி அதையே கத்திச் சொன்னார். அந்தக் குரலுக்காக இன்னொரு முறைகூடப் பொய் சொல்லலாம் போலிருந்தது. அந்தப் பொய்தான் இருபத்து நான்கு ஆண்டு கழித்து மெஷினாக வந்து நிற்கிறது. அவர்மேல் குற்றம் இல்லை, குற்றம் முழுக்க என்மேல். அப்பா, என்னை மன்னிச்சிடுங்க.

என்ன அங்கே சலசலப்பு? அப்பா எழுந்து நிற்கிறார். தம்பி, அவரிடம் மைக்கைக் கொடுங்கள். வேண்டாமா? சொல்லுங்கப்பா, கேட்குது.

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் சொல்கிறேன். அப்பா கேட்கிறார்: "ரெண்டு மணி நேரம் தனியாவா உக்காந்திருந்தே?"

ஆமாப்பா. தனியாத்தான்.

மன்னியுங்கள் அவையோரே, ஒரு நிமிடம்.

கேட்டீர்களா கண்மணிகளே? மெஷின் என்னாவது என்று கேட்டாரா? ஊர் சிரிக்குமே என்று கேட்டாரா? பதினெட்டு வயதில் நான் தனியாக உட்கார்ந்திருந்ததை என் நாற்பத்திரண்டு வயதில் கேட்கிறார். அன்றே சொல்லியிருந்தால் அன்றே கேட்டிருப்பார். அன்றிரவே அவர் குரலைக் கேட்டு அழுது தீர்த்திருப்பேன். பெருமையைக் காப்பாற்றுகிறேன் என்று என்னைத் தேற்றும் உரிமையை அவரிடமிருந்து பறித்துவிட்டேனே!

நீங்கள் போங்கள், புகழோடு போங்கள். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லுங்கள். பயந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். தோற்றால், அழுதால், வழி தெரியாமல் தெருவில் நின்றால், முதல் போன் வீட்டுக்கு! "நல்லா இருக்கேன்" என்ற சொல்லை நன்றாக இருக்கும் நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றவர்கள் தாங்குவார்கள். நம்மைத் தூக்கி வளர்த்தவர்களுக்கு நம் துயரம் ஒரு சுமையா?

மேடை தந்த தலைவருக்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட செயலாளருக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். இல்லை, அமரவில்லை. வாழ்க நீங்கள், வணக்கம்! அப்பா, அங்கேயே இருங்க, இறங்கி வர்றேன்.