பீரோவுக்கு ஒரு ஜெபம்

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில், பெரிய பையோடு முன் சீட்டில் இருந்த பெண், வழியனுப்பக் கூடவே ஏறி, பக்கத்தில் இருந்த நாத்தனாரிடம் சொன்னாள்:

"வீட்டுக்குக் காவல் கர்த்தராக்கும். நேத்து ஆராதனையில போதகர ஜெபிக்க வச்சாச்சு."

பின் சீட்டில் நான், விரித்த புத்தகத்தை மரியாதைக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னன்னு ஜெபிச்சாரு மைனி?"

"மவளப் பாக்க நான் பெங்களூர் போறேன், வீட்டுல ஆளில்ல, அவளுக்க கல்யாண நகை பீரோவுல உண்டு, காத்தருளும்னு."

"மைக்கிலயா?"

"பின்னே? ஜங்ஷன் வரைக்கும் கேட்டுதே."

"அப்ப கள்ளனுக்கும் கேட்டிருக்குமே!"

அவள் உடனே போனை எடுத்தாள். "போதகரே, இன்னைக்குக் கூட்டத்துல நான் ஊருக்குப் போகலன்னு மைக்கில ஒண்ணு சொல்லணும்... இல்ல, போறேன். சும்மா சொன்னாப் போதும்."

பிறகு சாவியை நாத்தனாரின் மடியில் வைத்தாள். "பொய் சொல்லமாட்டாராம். நீ இறங்கு மக்கா, எங்க வீட்டுல போய்ப் படு."