கெபிக்கு முன்னால் புல்தரை

கொட்டாஞ்சேனை மண்ணில் மலேசியன் புல் நன்றாகப் பிடிக்கும், ஐயா. நாலு விரல் மண் இருந்தால் போதும், அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று அது பார்ப்பதில்லை.

நான் சுபோதினி. வெள்ளவத்தையில் வீடு, தோட்டம் வடிவமைப்பது தொழில். கொத்துவேலை செய்த பலீல் பாஸை நீங்கள் பிடித்து வைத்திருப்பதால்தான் விடிந்ததும் பொலிஸுக்கு வந்தேன். செய்யாத மனிதர் உள்ளே இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஒல்லாந்தர் காலத்து வீட்டைத் திருத்தி எடுத்த யூஜினா அக்கா, வீட்டைச் சுற்றியுள்ள வளவை என் பொறுப்பில் விட்டார். பின்பக்கம் ஒரு பெரிய மகிழமரம், அதனருகே பாழ்கிணறு. மரத்தைக் கண்ட அன்றே எனக்கு அதன்மேல் உயிர். அக்காவின் தம்பி கிளறன்ஸுக்கோ வேறு யோசனை.

"மரத்த வெட்டிட்டு கொங்கிறீட் போடுவோம், மிஸ். ரிசெப்ஷன் ஹோல் வந்தா கார் நிப்பாட்ட இடம் வேணுமே."

கெட்டவரில்லை. தினமும் காலையில் செபமாலையோடு வளவைச் சுற்றி நடப்பார். செபிக்கும்போது அவர் நிலத்தைப் பார்ப்பதில்லை. ஆட்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்துத்தான் நான் தோட்டம் போடுவேன்.

மாதாவுக்குக் குகைபோல ஒரு கெபி கட்டலாமா என்று கேட்டேன். மனிதர் உருகிப்போனார். அவர் முழங்காலில் நிற்கும் இடம் கிணற்றுக்கு மேல் வரும்படி கெபியை வைத்தேன். உளுத்த பலகைகளை நானே பரப்பினேன்.

"கெணத்த நெரப்பாம மேல புல்லுப் போடச் செல்றீங்களா, மிஸ்?" என்றார் பலீல் பாஸ்.

பிறகு நிரப்பலாம் என்றேன். வீட்டாரிடம் நிரப்பியாயிற்று என்றேன். நான் நிரப்பவிடவில்லை என்று பாஸ் உங்களிடம் சொன்னது உண்மை, அதை மறுத்தது நான்.

மரம் வெட்ட ஆள் வருவதற்கு முதல்நாள் காலை கிளறன்ஸ் கெபிக்கு முன்னால் முழங்காலில் நின்றார். பலகை பெரிதாகச் சத்தம் போடவில்லை. அவர் கூப்பிட்டது கொஞ்ச நேரம் கேட்டது. நான் மகிழம்பூப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "இந்த மரமும் வேணாம், வீடும் வேணாம். எல்லாத்தையும் வித்துட்டுப் போறேன்."

அது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. உங்கள் ஆட்கள் போனபின் மிச்சமிருந்த பலகைகளால் கிணற்றுக்குப் புது மூடி போட்டுக் கொடுத்தேன், மேலே புல்லும் பதித்தேன். தம்பியின் ஆத்துமாவுக்காக அங்கேயே செபியுங்கள் என்றேன். இன்று காலைப் பூசை முடிந்ததும் வருவதாகச் சொன்னார்.

பூசை முடிந்திருக்கும், ஐயா. கதைத்துக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. நான் இதுவரை ஒருவர்மேலும் கைவைத்ததில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.