மங்கலான ஜாயிண்ட்

— சால்டரிங் அயனைக் கீழ வைங்க கனகாக்கா. பெஞ்ச்ல எல்லாரையும் ஆஃப் பண்ணச் சொல்லுங்க.

— இன்னா மணி, நாலு போர்டுதான் பாக்கி. சாயங்காலம் ஜெர்மனி லோடு ஏத்தணும்னு நீதானே குதிச்சே.

— லோடு கிடக்கட்டும். அந்த ஜெர்மனிக்காரனே வர்றான், நாச்சாரம் தாண்டிட்டானாம். கையில துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின். போர்டு மேல காட்டினா ஈயம் இருக்கா இல்லையான்னு சொல்லிடும். இருந்தா ஆர்டரே கேன்சல்.

— வரட்டுமே. வேவ் மெஷின்ல ஈயமில்லாத சால்டர் பார்தானே உருக்கி ஊத்துறோம்.

— அப்ப ஜாயிண்ட் எல்லாம் ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு?

— நல்லா கேட்டே. எல்லாம் என் கை. மெஷின்லேர்ந்து வர்றப்ப ஒவ்வொண்ணும் சாம்பல் பூத்தாப்ல வருது. மங்கலா இருந்தா டிரை ஜாயிண்ட், விட்டுப்போயிடும், அயனால தொட்டு விடுங்கன்னு நீதானே சொன்னே?

— எந்தக் கம்பி வெச்சுத் தொட்டீங்க?

— பீரோவுல இருக்கிற பழைய சுருள்தான். புதுசு ஒழுங்கா உருகி ஓட மாட்டேங்குது.

— அக்கா, அந்தச் சுருள்ல ஈயம் இருக்கு.

— ஐயோ, நீ கேட்ட பளபளப்பு அதுலதானே வந்துச்சு.

— ஈயமில்லாதது மங்கலாத்தான் இருக்குமாம். இப்பத்தான் ஆபீஸ்லேர்ந்து போன்ல சொல்றாங்க.

— இதைப் போன மாசமே கேட்டு வெக்கக் கூடாதா நீ?

— எனக்கு யாரு சொன்னா? வேலைக்கு வந்த நாள்லேர்ந்து பளபளன்னு இருந்தாத்தான் பாஸ் பண்ணிருக்கேன்.

— இப்ப என்னையும், இதே பெஞ்ச்லேர்ந்து நீ துரத்தின எலிசபெத் மாதிரி வீட்டுக்கு அனுப்பப் போறியா? நக்கோ மணி, வேணாம். என் மருமகனும் சும்மா கிடக்கிறான், இந்தச் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது.

— உங்களை மட்டுமா? ஆர்டர் போனா இந்த பெஞ்சே காலி, முதல்ல நான். யோசிங்க. தொடாத போர்டு ஒண்ணாவது இருக்கா? அதைக் காட்டி, மெஷின் சரியாத்தான் இருக்கு, டச்சப்லதான் தப்புன்னு உண்மையைச் சொல்லி டைம் கேட்கலாம்.

— ஒண்ணு விடாம தேய்ச்சு வெச்சிருக்கேனே. மெஷின்லயே புதுசா ஒண்ணு விடு.

— காலையிலேயே அணைச்சாச்சு. அது சூடேறுறதுக்குள்ள அவன் காபி குடிச்சிட்டுப் போயிடுவான்.

— இரு இரு. எலிசபெத் ஒரு டிரே முழுக்க மங்கலாவே விட்டா இல்ல? சோம்பேறி, கண்ணுக்கு மை தீட்டத்தான் அவளுக்கு நேரம். ஒண்ணைக்கூடத் தொடல.

— ஆமா, அந்த டிரே. அது போதும் அக்கா, பொழச்சோம். ஸ்டோர்லயா இருக்கு? சாவி குடுங்க, நானே எடுக்கறேன்.

— ஸ்டோர்ல ஏது? மறந்துட்டியா? கெட்டுப்போன போர்டுன்னு அவ சம்பளத்துல பிடிச்சுட்டு, அத்தனை பேர் எதிர்ல அவ பையில கொட்டி அனுப்பினே. காசு குடுத்தவ அவ, மணி. அது இப்ப எலிசபெத்தோடது.