துரைக்கு வந்த வியாதி

...இவரு நாலாவது டாக்டர்ம்மா! நாலு டாக்டர், நாலு தடவை ரத்தம். ஒரு பூனை உடம்புல எவ்வளவுதான் ரத்தம் இருக்கும், நீயே சொல்லு! உன் நாய்க்கு என்ன, காதுல புண்ணா? அதெல்லாம் ஆறிடும், விடு. எங்க துரைக்கு வெள்ளை அணுவுல கோளாறு. ரொம்ப அபூர்வமாம். அதைச் சொன்னா எங்க வீட்டுக்காரர், "என்ன, மெடல் குத்தணுமா?"ங்கிறாரு. அந்த மனுஷனுக்கு எல்லாமே நக்கல்தான்.

ரெண்டாவது டாக்டர் மைக்ராஸ்கோப்புல பார்த்தாரு. அணுவெல்லாம் பிஞ்சா இருக்கு, உள்ள எங்கயோ கிருமின்னு மாத்திரை. பூனைக்கு மாத்திரை குடுத்திருக்கியா நீ? இந்தா, என் கையைப் பாரு! மூணாவது டாக்டரம்மா ஊசியா போட்டுத் தள்ளிட்டாங்க. இப்ப சோறு எறங்கல. என் மடியை விட்டு எறங்காதவன், என் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில பூந்துக்கிறான். வயிறு எரியுதும்மா.

இந்த நாலாவது டாக்டர் என்னடான்னா, ரத்தப் புத்துநோயா இருக்குமோங்கிறாரு. மயக்க ஊசி போட்டு, எலும்புக்குள்ள குத்தி எடுத்துப் பார்க்கணுமாம். இருக்கிற பலவீனத்துல முழிப்பானோ மாட்டானோன்னு அவரே சொல்றாரு! கையெழுத்துப் போட்டுட்டேன், அவனை உள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க, உக்காந்திருக்கேன்.

முதல் டாக்டரா? அந்தாளை விடு! இது பொறப்புலயே இருக்கு, அணு பார்க்கத்தான் பிஞ்சு, வேலையெல்லாம் ஒழுங்கா செய்யுது, மருந்தே வேணாம்னுட்டாரு. வியாதிக்கு ஒரு பேரை மட்டும் வாய்ல நுழையாத மாதிரி எழுதிக் குடுத்து, எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதைக் காட்டுங்கன்னாரு. பேரு இவ்வளவு நீளம் இருக்கு, மருந்து இல்லாம இருக்குமா?

காட்டினேனாவா? நல்லா கேட்டே போ! காட்டினா, இவங்களும் அதையே பார்த்து எழுதிடுவாங்க. படிச்சவங்கதானே, அவங்களே கண்டுபிடிக்கட்டும். முன்னாடி ரிப்போர்ட் ஏதாவது இருக்கான்னு மூணு பேருமே கேட்டாங்க. இல்லவே இல்லைன்னுட்டேன். இதோ, பையிலதான் இருக்கு. வேணும்னா படிச்சுப் பாரு.

ஏன் இப்படி முழிக்கிறே? ஏம்மா... எங்க எழுந்துட்டே? நாயை என் தலையில கட்டிட்டு எங்க ஓடுறே? அது டாக்டர் ரூம்! ஐயையோ, பேப்பரைக் காட்டிடாதே, அவரு என்னைப் பத்தி என்ன நினைப்பாரு? மானமே போயிடும்! நில்லு, நானே பக்குவமா... அடிப்பாவி, கதவைத் தட்டிட்டாளே!

ஏன் தொறக்க மாட்டேங்கிறாங்க? போட்டுட்டாங்களா? நல்லாத் தட்டும்மா, பலமாத் தட்டு! டாக்டர்! ஊசியைப் போட்டுடாதீங்க! நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர்!