பேரு மாறணும், ஃபைல் போகக்கூடாது

— அழிச்சிட்டுப் புதுசா எழுத இது சிலேட்டு இல்ல, தங்கச்சி. இந்த மெஷினுக்குப் பேருதான் வீடு. வீட்ட இடிச்சா உள்ள இருக்கிற சாமானும் போயிரும்.

— அப்ப வேற வழியே இல்லையா, கபீர் அண்ணே? கம்ப்யூட்டர் ரூம்ல இருக்கிற நீங்களே இப்படிச் சொன்னா நான் எங்க போறது?

— வழி இல்லன்னா சொன்னேன்? அவசரம் கூடாதுன்னேன். போன வருசம் நம்ம சுப்பிரமணியம் என்ன பண்ணான்? பழைய லாகினைத் தூக்குங்க, தூக்குங்கன்னு உசுர வாங்கினான். தூக்கினேன். அவன் டைப் பண்ணி வச்சிருந்த அத்தனை ஃபைலும் கூடவே போச்சு. அப்புறம் கேன்டீன்ல என்னப் பாத்தாலே தட்டத் தூக்கிக்கிட்டு வேற மேசைக்குப் போயிருவான்.

— எனக்கு அப்படி ஆகக்கூடாது. இங்க சேந்ததுலேருந்து ஒவ்வொரு கப்பலுக்கும் நான் அடிச்ச சரக்குப் பட்டியல் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அது பத்திரமா இருக்கணும். லாசரஸ்ங்கிற பேரு மட்டும் போகணும். மதலேனான்னு வரணும்.

— பாரு தங்கச்சி, இன்னைக்குச் சனிக்கிழமை. ஆபீஸே வீட்டுக்குப் போயாச்சு. நான் தேக்கா மார்க்கெட்ல கறி வாங்கிட்டுப் போகலன்னா நூருன்னிசா என்னை உள்ள விட மாட்டா. திங்கக்கிழமை பண்ணா என்ன?

— திங்கக்கிழமை எல்லாரும் இருப்பாங்க. ப்ளீஸ்ண்ணே.

— சரி, நாற்காலிய இழுத்துப் போடு. முதல்ல புது வீடு கட்டுவோம். மதலேனா. ஆச்சு. பாஸ்வேர்டு நீயே அடி, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

— அடிச்சிட்டேன்.

— இப்ப பழைய வீட்டுல இருக்கிறதையெல்லாம் காப்பி எடுத்துப் புது வீட்டுல வைக்கிறேன். காப்பிதான், பாரு. பழசு இருந்த இடத்துலயே இருக்கும். இது முடிய நேரமாகும். ஆமா, அந்தப் பேரு உன்ன என்ன பண்ணிச்சு?

— அது என் பேரே இல்லையே. எங்கப்பா பேரு. மெஷின் வச்சுக் குடுத்த வெள்ளைக்காரன் என் ஐ.சி. அடையாள அட்டைல மதலேனா டாட்டர் ஆஃப் லாசரஸ்னு பாத்துட்டு, கடைசியா இருக்கிறதுதான் குடும்பப் பேருன்னு நெனச்சிட்டான்.

— நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அதே கதைதான். என் லாகின் என்ன? கையூம். எங்க அத்தா மவுத்தாயி எத்தனையோ வருசமாச்சு, தினமும் காலைல அவரு பேர அடிச்சாத்தான் எனக்கு வேலையே ஆரம்பிக்குது. நான் என்ன மாத்தச் சொல்லியா கேட்டேன்?

— உங்களுக்குப் பிரச்சினை இல்ல.

— உனக்கு மட்டும் என்ன? பாஸ் கேட்டா நான் ஒரு காரணம் சொல்லணும்ல.

— கல்யாணம்னு சொல்லிருங்க.

— அட, நல்ல சேதியாச்சே. மாப்பிள்ளை யாரு? எந்தக் கோயில்ல?

— ஜோன்னு ஒருத்தரு. இன்னும் முடிவாகல.

— முடிவாகாத மாப்பிள்ளைக்காக அப்பா பேர இப்பவே எடுக்குறியா? உனக்குப் பொய் சொல்லவும் வரல. சரி விடு. காப்பி முடிஞ்சிருச்சு. புதுப் பேருல உள்ள போயி ஒரு ஃபைலத் திறந்து பாரு.

— திறக்க மாட்டேங்குதுண்ணே. அனுமதி இல்லன்னு வருது. போச்சா?

— ஒண்ணும் போகல, கைய எடு. ஃபைலு உன் வீட்டுக்கு வந்திருச்சு. ஆனா சொந்தக்காரரு இன்னும் லாசரஸ்தான். அதையும் மாத்தணும், அதத்தான் நெறைய பேரு மறந்துருவாங்க. இரு. ம், இப்ப திற.

— திறந்துருச்சு. எல்லாம் இருக்கு.

— மேலயும் கீழயும் நல்லாப் பாரு. அப்புறம் என்னத் திட்டக்கூடாது.

— பாத்துட்டேண்ணே. ஒண்ணும் குறையல.

— அப்ப கடைசி வேலை. லாசரஸ அழிக்கட்டுமான்னு மெஷின் கேக்குது பாரு. நீயே பதில் அடி. அடுத்தவங்க அப்பா பேர அழிக்க எனக்குக் கை வராது. என்ன அப்படியே பாத்துக்கிட்டு இருக்க?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லன்னா ஏன் கண்ணு கலங்குது? நம்ம லாசரஸ் அங்கிள் இந்த மாடிக்குக் கூட்டிப் பெருக்க வந்ததுலேருந்துதான் இந்தப் பேரு உனக்குக் கசக்குது, நானும் பாக்குறேன். கிளீனர் பேரும் உன் லாகினும் ஒண்ணுன்னு யாராச்சும் கிண்டல் பண்ணாங்களா?

— பிரிண்டர்ல ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால ஒரு பக்கம் முழுக்க லாசரஸ்னு பெரிசா அடிச்சு வருதுல்ல. புதன்கிழமை பக்கத்து சீட்டு மங்களம் அதத் தூக்கிக்கிட்டு என் மேசைக்கு வந்துச்சு. அந்த நேரம் பாத்து அவரு பக்கத்துல நிக்கிறாரு. சட்டைல பேரு, கைல துடைப்பம். மதலேனா, அங்கிள் உனக்குச் சொந்தமான்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கேட்டுச்சு.

— நீ என்ன சொன்ன?

— சிரிச்சேன். எங்க கோயில்ல திரும்புன பக்கமெல்லாம் லாசரஸ்தான், இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுன்னேன்.

— சரியாத்தானே சொல்லியிருக்க. இதுக்கா அழுவுற?

— அவருதாண்ணே எங்கப்பா.

— யா அல்லா.

— வெல்டரா இருந்தாரு. போன வருசம் கப்பல் பட்டறைல ஆள் குறைச்சப்ப இவரையும் அனுப்பிட்டாங்க. அந்த வயசுக்கு வேற எங்கயும் எடுக்கல. கடைசில கிளீனிங் கம்பெனில சேந்தாரு. எந்தக் கட்டடத்துக்கு அனுப்புவாங்கன்னு அவரு கண்டாரா? மொத நாள் லிஃப்ட் திறக்குது, உள்ள அப்பா. அவருதான் குட் மார்னிங் மிஸ்ன்னாரு. அன்னைலேருந்து இங்க நான் மிஸ்தான்.

— நான் தினமும் அவரு கூட நின்னு தேத்தண்ணி குடிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லலையே மனுசன். வீட்டுலயாவது பேசிக்கிறீங்களா?

— பேசுவோம். ஆபீஸப் பத்தி மட்டும் பேச மாட்டோம். புக்கிட் பாஞ்சாங் வீட்டுலேருந்து ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்தான். ஆனா அவரு முந்துன பஸ்ஸப் புடிச்சுப் போயிருவாரு. நான் ஒண்ணும் போகச் சொல்லல.

— போக வேணாம்னும் சொல்லல.

— சொல்லல. புதன்கிழமை வீட்டுக்குப் போனேன். நல்லாத் திட்டுவாருன்னு நெனச்சேன். அவரு டிவி பாத்துட்டு, எனக்குக் குழம்பு சுட வச்சு மூடி வச்சிட்டுப் படுத்துட்டாரு. ரொம்ப வெக்கமா இருக்குண்ணே. அவரு துடைப்பத்தோட நிக்கிறதப் பாத்து வெக்கப்பட்டேன், அது உண்மை, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் குழம்பச் சாப்பிட்டேன் பாருங்க, அத நெனச்சா கூசுது.

— இங்க பாரு தங்கச்சி. மெஷின் காத்துக்கிட்டு இருக்கு. அழிக்கிறதா, வேணாமா?

— வேணாம்னு அடிச்சிட்டேன்.

— அப்ப நீ பழைய பேருலயே உள்ள போனா, திங்கக்கிழமையும் பிரிண்டர் லாசரஸ்னுதான் அடிக்கும்.

— அடிக்கட்டும். மங்களம் திரும்பக் கேக்கட்டும், நான் சொல்றேன்.

— மங்களத்துக்கு அப்புறம் சொல்லு. அந்தா, வாளியத் தூக்கிக்கிட்டு அவரே வர்றாரு. நான் கிளம்புறேன், அப்பாவும் மகளும் பேசுங்க.

— போகாதீங்கண்ணே. ஆள வச்சுக்கிட்டுத்தானே தெரியாதுன்னேன். இதுவும் ஒரு ஆளு முன்னாடி சொல்லணும்.

— என்ன கபீர் தம்பி, இன்னும் போகலையா? சாரி மிஸ், நீங்க இருக்கிறது தெரியாது. நான் அந்தக் கோடிய முடிச்சிட்டு வர்றேன்.

— அப்பா.

— ஏதும் கொட்டிருச்சா மிஸ்?

— அப்பா, உங்களத்தான். வாளிய வச்சிட்டு இப்படி வந்து உக்காருங்க.

— உக்காருங்க அங்கிள். எனக்குத் தெரியும், மதலேனா எல்லாம் சொல்லிருச்சு.

— தம்பி, மிஸ் வேலை அசதில என்னமோ பேசுறாங்க, நீங்க மனசுல வச்சுக்காதீங்க. புதன்கிழமை சாயங்காலம் மங்களம் மிஸ் தனியா வந்து என்கிட்டயும் கேட்டுச்சு. எனக்குப் பிள்ளை குட்டியே கிடையாதுன்னு மாதா மேல சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். கொஞ்சம் காலத் தூக்கிக்கிடுங்க மிஸ், தண்ணி ஊத்தப் போறேன்.